பள்ளமே இல்லாத இடத்தில் நிரப்புவது எதை?

மூக்கின் இரு பக்கமும் தொடங்கி வாய்முனை நோக்கி இறங்கும் கோடுகளையும், வாய்முனையிலிருந்து தாடைக்கு விழும் கோடுகளையும் பற்றி இன்று ஏறக்குறைய ஒரே குரலில் சொல்லப்படுவது இதுதான்: வயது ஏற ஏறத் தோலுக்கடியில் சதை குறைகிறது, அதனால் அங்கே பள்ளம் விழுகிறது, அந்தப் பள்ளத்தில் ஃபில்லர் என்னும் கூழை ஊசியால் செலுத்தி நிரப்பிவிடலாம். அரை மணி நேர வேலை. கத்தி இல்லை, மயக்கம் இல்லை. பிடிக்காவிட்டால் சில மாதங்களில் தானே கரைந்துவிடும். தோல் மருத்துவமனைகளின் விளம்பரங்கள் மட்டும் இப்படிச் சொன்னால் அதில் வியக்க ஒன்றுமில்லை. அழகுக் குறிப்புப் பக்கங்களும், மருத்துவர்கள் தோன்றும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும், எதையும் விசாரித்து ஏற்கும் பழக்கமுள்ள படித்தவர்களும்கூட இதை நிலைநாட்டப்பட்ட உண்மையாகவே பேசுகிறார்கள். எதிர்ப்பவர்களும் செலவைச் சொல்கிறார்கள், வீண் ஆசை என்கிறார்கள். பள்ளம் என்ற அந்த முதல் கூற்றை யாரும் தொடுவதில்லை. என் மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. அந்த இடத்தில் நிரப்பப்படக் காத்திருக்கும் பள்ளம் எதுவும் இல்லை. நோயறிதலே பிழையானதால், சிறிய வேலை, தற்காலிகம், பாதுகாப்பு என்று அதன்மேல் அடுக்கப்பட்ட வாக்குறுதிகளும் சொன்னபடி நிற்பதில்லை.

கோடு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். கன்னத்து எலும்பிலிருந்தும் மூக்கின் பக்கத்திலிருந்தும் சில தசைகள் மேலுதட்டுக்கும் வாய்முனைக்கும் இறங்கிவருகின்றன. உடலின் பெரும்பாலான தசைகளைப் போல இவை எலும்பிலிருந்து எலும்புக்குப் போவதில்லை. இவற்றின் இழைகள் தோலிலேயே வேர்விடுகின்றன. அவை வேர்விடும் வரிசைதான் மூக்கோரக் கோடு. சிரிக்கும்போதும் அழும்போதும் பேசும்போதும் தசை சுருங்கித் தோலை இழுக்கிறது, தோல் அந்த வரிசையில் மடிகிறது. பிறந்து சில நாளான குழந்தை வீறிட்டு அழும்போது இந்த மடிப்பு தெளிவாகத் தெரியும். அதன் கன்னத்தில் கொழுப்புக் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உள்ளங்கை ரேகை எப்படிக் கை மடங்குவதற்காக அமைந்ததோ அப்படி முகம் அசைவதற்காக அமைந்தது இந்தக் கோடு. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இல் வெளியிட்ட நூலில், முகத் தசைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் தூண்டி, எந்தத் தசை எந்த உணர்ச்சியைத் தீட்டுகிறது என்று ஒளிப்படங்களோடு காட்டினார். பத்தாண்டு கழித்து டார்வின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றித் தாம் எழுதிய நூலில் அந்தப் படங்களையே பயன்படுத்திக்கொண்டார். சிரிப்பும் துயரமும் அருவருப்பும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டுத் தெரிவதற்கு இந்தக் கோட்டின் வளைவும் ஆழமும் ஒரு காரணம் என்பது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அறியப்பட்டுவிட்டது.

இதைவிடக் கனமான சாட்சி நரம்பியல் பிரிவில் கிடைக்கிறது. பக்கவாதமோ முகவாதமோ என்று சந்தேகம் வந்தால் மருத்துவர் முதலில் பார்க்கும் இடங்களில் ஒன்று மூக்கோரக் கோடு. ஒரு பக்கம் அது மழுங்கியிருந்தால் அந்தப் பக்கத்து முகத் தசைகள் வலுவிழந்திருக்கின்றன என்று அறிகிறார். முகவாதம் ஆண்டுக்கணக்கில் தீராதவர்களுக்குத் தொடையிலிருந்து தசையை எடுத்துக் கன்னத்தில் பொருத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அதில் புதுத் தசையின் நுனியை எங்கே தைத்தால் கோடு மறுபக்கத்தைப் போலவே விழும் என்று அறுவை மருத்துவர் கணக்கிட்டுத் தைக்கிறார். ஒரு துறை பல மணி நேரம் நின்று உருவாக்கித் தரும் ஒன்றை, இன்னொரு துறை குறைபாடு என்று பெயரிட்டு அழிக்கிறது. கோடு இல்லாத முகம் இளமையான முகம் அல்ல. பல வேளைகளில் அது அசைய முடியாத முகம்.

வயதாகும்போது கோடு ஆழமாவது உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எதனால் என்பதில்தான் வழக்கு. 2007-இல் ரோரிக், பெசா என்ற இரு ஆய்வாளர்கள் இறந்தோர் உடல்களின் முகத்தில் சாயம் செலுத்தி, முகக் கொழுப்பு ஒரே விரிப்பாக இல்லை, தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கிறது என்று காட்டினார்கள். ஒவ்வோர் அறையும் தன் போக்கில் மாறுகிறது. ஒன்று மெலியும்போது பக்கத்து அறை அப்படியே இருக்கலாம். மேல்தாடை எலும்பு மூக்குத் துளையை ஒட்டிப் பின்வாங்குகிறது. தோலில் கொலாஜன் குறைகிறது. கடைவாய்ப் பற்கள் விழுந்தால் கீழ்த்தாடை மேலே ஏறி, முகத்தின் கீழ்ப்பாதி குறுகி, வாய்முனை தொங்குகிறது. வாய்க்குக் கீழே விழும் கோடுகளுக்குப் பல் இழப்பு எவ்வளவு பெரிய காரணம் என்பது பொய்ப்பல் கட்டும் எந்தப் பல் மருத்துவருக்கும் தெரியும். இவற்றோடு கோட்டின் அமைப்பையும் சேர்த்துப் பாருங்கள்: அதன் கன்னப் பக்கத்தில் தடித்த கொழுப்பு, உதட்டுப் பக்கத்தில் கொழுப்பு மிகக் குறைவு, தோல் தசையோடு ஒட்டியிருக்கிறது. தடிப்பும் மெலிவும் சந்திக்கும் எல்லை அது. எல்லையின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறது என்பதற்காக எல்லையையே பள்ளம் என்பது, பார்வைக்குத் தோன்றுவதைக் காரணமாக எடுத்துக்கொள்ளும் பிழை. அங்கே கூழை நிறைத்தால் இழந்த எதுவும் அதன் இடத்துக்குத் திரும்பி வருவதில்லை. இளமையிலும் அங்கே இருந்திராத ஒரு தடிப்பு புதிதாகச் சேர்கிறது.

அப்படியானால் பள்ளம் என்ற கருத்து எப்படி இவ்வளவு வலுவாக வேரூன்றியது? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்த வரலாற்றில் விடை கிடைக்கிறது. மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனுக்கு 1981-இல் அங்கே அனுமதி கிடைத்தது. 2003 டிசம்பரில் ஹையலுரானிக் அமிலக் கூழான ரெஸ்டிலேன் வந்தது. 2006-இல் மட்டும் ஜூவடெர்ம், கால்சியம் கலந்த ரேடியெஸ், பிளாஸ்டிக் நுண்மணிகள் கொண்ட ஆர்ட்டிஃபில் ஆகியவை அனுமதி பெற்றன. ரெஸ்டிலேன் தொடங்கி வந்த இந்தப் புதுக் கூழ்களுக்கு அனுமதிக் களமாக அமைந்தது மூக்கோரக் கோடுதான். ரெஸ்டிலேன் ஆய்வில் 138 பேர் பங்கேற்றார்கள். ஒரு பக்கக் கோட்டில் புதுக் கூழ், மறுபக்கத்தில் பழைய கொலாஜன், ஆறு மாதம் கழித்து எந்தப் பக்கம் மேல் என்று மதிப்பீடு. ஆய்வாளருக்கு இது மிகவும் வசதியான இடம்: எல்லோர் முகத்திலும் உண்டு, இணையாக இரண்டு உண்டு, ஒரே ஆளின் இரு பக்கங்களையும் ஒப்பிடலாம். அளப்பதற்கு ஐந்து படிகள் கொண்ட அளவுகோல் ஒன்று உருவாயிற்று. கோடு தெரியாத முகம் முதல் படி, மிக ஆழமான கோடு ஐந்தாம் படி. ஒரு படி இறங்கினால் முன்னேற்றம். இந்த அளவுகோலில் கோடே இல்லாமை ஆரோக்கியத்தின் உச்சமாகிவிட்டது. அளக்கப்பட்டது அசையாமல் வைத்திருக்கும் முகம். பேசும் முகமும் சிரிக்கும் முகமும் அந்தத் தீர்ப்பில் இடம்பெறவில்லை. கூழ் செலுத்தினால் கோடு மேலெழும்புகிறது, பழைய கொலாஜனைவிட அதிக நாள் நிற்கிறது என்பதை இந்த ஆய்வுகள் மெய்ப்பித்தன. அதில் எனக்கு ஐயம் இல்லை. அந்தக் கோடு ஒரு பற்றாக்குறை என்பதை அவை மெய்ப்பிக்கவில்லை. அந்தக் கேள்வியை அவை எழுப்பவே இல்லை. அளக்க வசதியாக இருந்த ஓர் இடம், சந்தைக்கு வந்தபின் சிகிச்சை தேவைப்படும் இடமாக மாறிவிட்டது.

ஃபில்லர் துறையின் உள்ளேயே நடந்திருக்கும் மாற்றம் என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. தொடக்கத்தில் கோட்டுக்கு நேர் அடியில் ஊசி போட்டார்கள். பலருக்கு வாயைச் சுற்றி உப்பலாகி, சிரிக்கும்போது கட்டிபோல் திரண்டு, மேலுதடு முன்தள்ளிக் குரங்கு முகச் சாயல் வந்தது. கோட்டைத் துரத்தாதீர்கள், கன்னத்தில் போடுங்கள், கன்னம் தூக்கினால் கோடு தானே இளகும் என்று பயிற்சிகளில் சொல்லித்தரத் தொடங்கினார்கள். பிரேசில் அறுவை மருத்துவர் மவுரிசியோ டி மாயோ முகம் முழுவதையும் எண்ணிட்ட ஊசிப் புள்ளிகளாகப் பிரித்து வகுத்த முறை இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. காரணம் கோட்டில் இல்லை என்பதை அத்துறையே ஒப்புக்கொண்டுவிட்டது என்றுதான் இதற்குப் பொருள். ஒப்புக்கொண்டவர்கள் ஊசியைக் கீழே வைத்திருக்கலாம். நடந்தது வேறு. கோட்டுக்கு ஒரு சிரிஞ்சு என்று வந்தவர், கன்னப்பொட்டுக்கும் கன்னத்துக்கும் தாடைக்குமாகப் பல சிரிஞ்சுகளோடு வெளியேறுகிறார். கோட்பாடு தவறென்று தெரிந்தபின் விற்பனை சுருங்காமல் விரிந்தது என்றால், விற்பனையை அதுவரை தாங்கிநின்றது கோட்பாடு அல்ல என்றுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இனி, தானே கரைந்துவிடும் என்ற வாக்கு. ஹையலுரானிக் அமிலம் நம் உடலில் இயல்பாகவே உள்ள பொருள்தான். 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் கூழிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். நம் தோலில் இருக்கும் அந்த அமிலம் ஓரிரு நாளில் சிதைந்து புதுப்பிக்கப்படுகிறது. சிரிஞ்சில் இருப்பது அது அல்ல. சீக்கிரம் சிதையாதிருக்க அதன் இழைகளை வேதிப்பொருளால் குறுக்கே பிணைத்துக் கெட்டியாக்கியிருக்கிறார்கள். இயற்கைப் பொருள் என்று சொல்லி விற்றுவிட்டு, இயற்கையில் இல்லாத அந்தப் பிணைப்பினால் நீண்ட நாள் நிற்கும் என்றும் விற்பது நேர்மையல்ல. அது எவ்வளவு நாள் நிற்கிறது என்பதற்கும் விளம்பரத்தின் கணக்கு பொருந்தவில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் மோபின் மாஸ்டரும் அவர் குழுவினரும், இரண்டு ஆண்டுகளாக எந்த ஃபில்லரும் போட்டுக்கொள்ளாத 33 பேரின் முகங்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், ஒருவர் விடாமல் எல்லோர் முகத்திலும் கூழ் மிச்சம் இருந்தது. ஆறு மாதம், ஒரு வருடம் என்பது கண்ணுக்குத் தெரியும் பலன் தேயும் காலமே தவிரப் பொருள் வெளியேறும் காலம் அல்ல. பலன் தேய்ந்தது என்று மறுபடி போட்டுக்கொள்பவர், காலியான இடத்தை நிரப்பவில்லை, ஏற்கெனவே இருப்பதன்மேல் சேர்க்கிறார். சில ஆண்டுகளில் முகம் ஊதித் தோன்றுவதற்குக் காரணம் மருத்துவரின் கைப்பிழை மட்டும் அல்ல, இந்தக் கணக்குப் பிழையும்தான். ஹையலுரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாமே என்பார்கள். அமிலக் கூழுக்கு அது உதவும். தோலையும் பார்வையையும் காக்க வேண்டிய வேளைகளில் அது கைவசம் இருந்தே ஆக வேண்டும். கால்சியம் கூழையோ பிளாஸ்டிக் மணிகளையோ அது தொடாது. பிளாஸ்டிக் மணிகள் வாழ்நாள் முழுதும் அங்கேயே இருப்பதற்காகத் தயாரிக்கப்பட்டவை.

அடுத்தது, பாதுகாப்பு என்ற வாக்கு. மூக்கோரக் கோட்டை ஒட்டியோ அதன் அடியிலோ முகத் தமனி ஓடுகிறது. அதன் பாதை ஆளுக்கு ஆள் மாறும்; ஒரே ஆளின் இரு பக்கங்களிலும்கூட வேறாக இருக்கலாம். மூக்கின் பக்கமாக மேலேறும் அதன் கிளை, கண்ணுக்கு ரத்தம் தரும் தமனியின் கிளையோடு இணைகிறது. ஊசி முனை அறியாமல் தமனிக்குள் போய், அழுத்திய கூழ் ரத்த ஓட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கிச் சென்றால் விழித்திரைக்குப் போகும் தமனியை அடைத்துவிடும். பார்வையைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசம் நிமிடக் கணக்கில்தான். ஃபில்லரால் பார்வை பாதிக்கப்பட்டதாக மருத்துவ ஏடுகளில் பதிவான 98 பேரின் விவரங்களை 2015-இல் பெலஸ்னேயும் சக மருத்துவர்களும் தொகுத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினருக்கு ஊசி போட்ட இடம் மூக்கோரக் கோடு. அதே ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் ரத்தநாளத்தில் ஃபில்லர் புகும் ஆபத்தைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. இது மிக அரிது என்பார்கள். அரிதுதான், எவ்வளவு அரிது என்று எண்ணிப் பார்ப்போம். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் 370 தோல் மருத்துவர்கள் தாங்கள் செலுத்திய 17 லட்சம் சிரிஞ்சுகளைக் கணக்கிட்டுச் சொன்னார்கள்: கூரிய ஊசியால் போட்டபோது 6,410 சிரிஞ்சுக்கு ஓர் அடைப்பு, மழுங்கிய குழலால் போட்டபோது 40,882-க்கு ஒன்று. பெரும்பாலானவை நிலையான சேதம் இல்லாமல் ஆறின என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இது சிரிஞ்சுக் கணக்கு, ஆள் கணக்கு அல்ல. ஆண்டுக்கு இரண்டு சிரிஞ்சு வீதம் பத்தாண்டு கூரிய ஊசியால் போட்டுக்கொள்பவருக்கு இருபது சிரிஞ்சு; அப்போது வாய்ப்பு சுமார் 320-இல் ஒன்று. இந்த எண்ணும் முறையாகப் பயின்ற தோல் மருத்துவர்களின் கையில், அவர்களே சொன்ன கணக்கில் வந்தது. மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழை மாட்டிவைத்திருக்கும் அழகு நிலையத்துக்கு இந்த எண் பொருந்தாது.

இதயத்துக்கு ஸ்டென்ட் வைப்பதிலும் ஆபத்து உண்டே, எல்லாச் சிகிச்சையிலும் உண்டே என்பது அடுத்த மறுப்பு. ஆபத்தை எதற்கு எதிராக நிறுத்தி எடை போடுகிறோம் என்பதே கேள்வி. ஸ்டென்டின் மறுதட்டில் மாரடைப்பு இருக்கிறது. இங்கே மறுதட்டில் இருப்பது ஆரோக்கியமான தோலில் ஆரோக்கியமான தசை போட்ட ஒரு மடிப்பு. 2004-இல் அமெரிக்காவில் ஸ்கல்ப்ட்ரா என்ற பொருளுக்கு முதலில் அனுமதி தந்தது எச்.ஐ.வி. தொற்றாலும் அதன் மருந்துகளாலும் கன்னக் கொழுப்பு முழுக்க வற்றிப்போனவர்களுக்காக. அவர்கள் முகத்தில் உண்மையாகவே ஒன்று இழக்கப்பட்டிருந்தது. அந்த ஒட்டிய கன்னமே அவர்களுடைய நோயை ஊருக்குக் காட்டிக்கொடுத்து வேலையையும் உறவையும் பறித்தது. அந்த ஊசியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். விபத்தில் கன்னம் சிதைந்தவருக்கும் அப்படியே. ஐந்து ஆண்டு கழித்து, 2009-இல், அதே பொருள் மூக்கோரக் கோடுகளுக்கும் அனுமதி பெற்றது. இழப்பைச் சரிசெய்யப் பிறந்த மருந்து, இழப்பே இல்லாத பல மடங்கு பெரிய கூட்டத்துக்குத் திருப்பிவிடப்பட்டது.

கூடுதல் கவனத்தோடு பதில் சொல்ல வேண்டிய மறுப்பு ஒன்று உண்டு. என் முகம், என் பணம், என் விருப்பம், போட்டுக்கொண்டவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன, இதில் உமக்கென்ன? அந்த மகிழ்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது வயதில் வேலை தேடும் பெண்ணிடம், நேர்முகத்தில் அவள் முகத்தைப் பார்த்தே முடிவெடுக்கும் உலகில், இது உனக்குத் தேவையில்லை என்று உபதேசிக்க எனக்கு உரிமை இல்லை. அவளைக் குற்றம் சொல்லும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் விருப்பம் என்பது தெரிந்தபின் விரும்புவது. பள்ளம் இருக்கிறது, நிரப்பினால் பழையபடி ஆகும், ஆறு மாதத்தில் கரையும், ஆபத்து ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்டபின் அவள் இடும் கையொப்பம், அந்த நான்கு கூற்றுகளின்மேல் நிற்கிறது. அவை சரியில்லை என்றால் அந்த ஒப்புதலும் முழுமையானது அல்ல. அவளுடைய உரிமையை மதிப்பவர்கள் முதலில் எதிர்க்க வேண்டியது அவளிடம் சொல்லப்படும் அந்தக் கதையை.

இங்கிலாந்தில் மருத்துவர் புரூஸ் கியோ தலைமையிலான குழு 2013-இலேயே, ஃபில்லர் போட்டுக்கொள்பவருக்கு ஒரு பேனாவோ பல்துலக்கியோ வாங்குபவருக்கு உள்ளதைவிடக் கூடுதல் பாதுகாப்பு இல்லை என்று கண்டது. அதற்குப் பிறகும் எட்டு ஆண்டு கழித்து, 2021 அக்டோபரில்தான், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுக்காக இதைப் போடுவது அங்கே குற்றமாயிற்று. நம் ஊருக்கு இன்னொரு கவலையும் உண்டு. அமெரிக்காவின் முதல் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் வெள்ளையரே மிகுதி. கருமை மிகுந்த தோலில் தனி ஆய்வுகள் பின்னர்தான் வந்தன. ஊசி குத்திய இடம் கறுத்துப்போவது நம்முடையது போன்ற தோலில் அதிகம் காணப்படும் விளைவு. கோட்டை மறைக்கப் போய்க் கருந்தழும்போடு திரும்பியவர் மறுபடி அதற்குச் சிகிச்சை தேட வேண்டும். நமக்குச் சாதகமான செய்தியும் இருக்கிறது: நிறமி மிகுந்த தோல் வெயிலில் மெதுவாகவே மூப்படைகிறது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 903 பேரிடம் நாலரை ஆண்டு நடத்திய ஆய்வில், தினமும் வெயில்தடுப்புக் களிம்பு பூசியவர்களின் தோல் மூப்பு 24 விழுக்காடு குறைவாக இருந்தது. புகையை விடுவதும் விழுந்த கடைவாய்ப் பல்லைக் கட்டிக்கொள்வதும் கோட்டின் உண்மையான காரணங்களைத் தொடுகின்றன. ஆலோசனை அறையில் இவற்றுக்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்கப்படுவதில்லை.

ஒப்புதல் தரும் அமைப்புகளிடம் கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. அடுத்த கூழுக்கு அனுமதி கேட்டு வரும் நிறுவனம், அசையாத முகத்தோடு நிறுத்தாமல், பேசும்போதும் சிரிக்கும்போதும் அந்த முகம் எப்படி இருக்கிறது என்பதையும், அந்த உணர்ச்சியைப் பார்ப்பவர்கள் சரியாக இனம் காண்கிறார்களா என்பதையும் அளந்து காட்டட்டும். பங்கேற்றவர்களை ஆறு மாதத்தில் கைவிடாமல், ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் எம்.ஆர்.ஐ. எடுத்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எங்கே நகர்ந்திருக்கிறது என்று சொல்லட்டும். ரத்தநாள அடைப்பு ஒவ்வொன்றும், யார் போட்டார், எந்தப் பொருள், எந்த இடம் என்ற விவரத்தோடு கட்டாயப் பதிவேட்டில் ஏறட்டும். அந்த விவரங்கள் வரும்வரை, கோட்டுக்கடியில் பள்ளம் இருக்கிறது என்ற வாசகத்தை எந்த மருத்துவமனையும் தன் விளம்பரத்தில் அச்சிட அனுமதிக்கக் கூடாது.